பித்தம் என்று சொல்லியிருந்தோம்

மகளைப் பெண் பார்க்க வந்தபோது எனக்கு நாற்பத்து மூன்று வயது. வயிற்றில் மூன்றாம் மாதம்.

குடித்த வெந்நீர்கூட உள்ளே நிற்கவில்லை. முந்தின நாள்தான் காரைக்குடியில் ஆஸ்பத்திரிக்குப் போய்க் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வந்திருந்தேன். ஊசி குத்திய புறங்கை நீலம் பாரித்திருந்தது. அதை முந்தானையால் மூடிக்கொண்டேன். கணவருக்கும் மகளுக்கும் மட்டுமே விஷயம் தெரியும். மற்றவர்களிடம் பித்தம் என்று சொல்லியிருந்தோம். பெண்ணைக் கல்யாணத்துக்கு வைத்துக்கொண்டு தாய் மசக்கையில் கிடக்கிறாள் என்று தெரிந்தால் இந்தச் சம்பந்தம் நிற்குமா? போட்டோவில் பார்த்தே மகளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது.

எதையும் ஒழுங்காக வைத்துப் பழகியவள் நான். ஜமுக்காளத்தை ஓரம் கோணாமல் விரித்து, டம்ளர்களைத் துடைத்து அடுக்கிவிட்டேன். வெங்காய வாசனை எனக்கு ஆகாது என்று பலகாரத்தைக் கடையில் வாங்கச் சொன்னேன். கணவர் வாங்கி வந்தது வெங்காய பஜ்ஜி.

திருப்பத்தூரிலிருந்து பையனும் அவன் அம்மாவும் வந்தார்கள்.

"பொண்ணோட அம்மா ஏன் நின்னுக்கிட்டே இருக்கீக? உக்காருங்க" என்றார் அந்த அம்மாள்.

உட்கார்ந்தேன். பஜ்ஜித் தட்டு என்னைக் கடந்து போனது. எழுந்து ஓடப் பார்த்தேன், முடியவில்லை. அந்த அம்மாளின் காலடியில், ஜமுக்காளத்தின் மேலேயே வாந்தி எடுத்தேன்.

"பித்தம்" என்றார் கணவர். "ரெண்டு மாசமா விடாத பித்தம்."

முந்தானை நழுவி என் புறங்கை தெரிந்தது. அந்த அம்மாள் அதைப் பார்த்தார்.

"எனக்கும் ஒருதடவ இதே பித்தம் வந்துச்சுண்ணே. இந்தா உக்காந்திருக்கானே, இவன்தான் அந்தப் பித்தம்."

பையன் தலையைக் குனிந்துகொண்டான். வாளியோடு வந்த மகளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்கோ நிமிர்ந்து பார்க்கவே முகமில்லை.

"மொதல்ல அந்தத் தட்ட அங்குட்டு எடுத்துட்டுப் போங்கண்ணே" என்றவர், என் பக்கம் குனிந்தார். "மதினி, கல்யாணத்தப் பேறுகாலம் முடிஞ்சு வச்சுக்குவோம். நீங்க தெம்பா நிக்க வேணாமா?"

மதினி. சம்பந்தம் முடிந்த வீட்டில்தான் அப்படிக் கூப்பிடுவார்கள். மகளும் அதைக் கேட்டாள். வாளியைக் கீழே வைத்துவிட்டாள்.

அந்த அம்மாளின் பாதத்தில் தெறித்திருந்ததைத் துடைக்க முந்தானையை நீட்டினேன். அவர் காலை இழுத்துக்கொண்டு, ஜமுக்காளத்தின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையை மகள் பிடித்தாள். இருவரும் அதை மடித்துக் கொல்லைக்குக் கொண்டு போனார்கள். அவர்கள் திரும்பி வரும்வரை நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.