நாவலாசிரியரின் தம்பியைப் பார்க்கப் பழவேற்காடு போனது

காலை 6.10. சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில். பொன்னேரிக்கு டிக்கெட் பத்து ரூபாய். என் பையில் ஒரு ஆங்கில நாவலும், நான் செய்த அதன் தமிழ் மொழிபெயர்ப்பும் இருந்தன. எழுதியவர் கனடாவில் இருக்கிறார். தணிகாசலம் என்று வைத்துக்கொள்வோம். தமிழில் வரலாம், ஆனால் ஊரில் இருக்கும் தம்பி முனுசாமி சம்மதித்தால் மட்டும் என்று சொல்லிவிட்டார். அந்தச் சம்மதத்துக்குத்தான் இந்தப் பயணம். கிடைக்காவிட்டால் என் இரண்டு வருட உழைப்பு பரணுக்குப் போகும்.

வழியில் கூடை வைத்திருந்த பெண்கள் இறங்க, ஜன்னலோரம் இடம் கிடைத்தது. முன்னுரையை மறுபடி படித்தேன். பழவேற்காட்டு மீனவக் குப்பத்தில் பிறந்து, சென்னையில் கல்லூரி முடித்து, இருபத்து நான்கு வயதில் கனடா போனவர். ஓட்டலில் தட்டு கழுவி மேற்படிப்பு முடித்தார், அங்கேயே பேராசிரியரானார், ஐந்து நாவல்கள் எழுதினார். ஐந்திலும் இதே ஏரி. முதல் நாவலான இது வந்தபின் ஒருமுறைகூட ஊர் திரும்பவில்லை. ஏன் என்று கேட்டால் பனியையும் விமானக் கட்டணத்தையும் சொல்வார்.

7.30. பொன்னேரியிலிருந்து பேருந்து, இருபது ரூபாய், பதினெட்டு கிலோமீட்டர் சொச்சம். பழவேற்காட்டில் இறங்கிப் பாலத்தைத் தாண்ட ஷேர் ஆட்டோ.

"அந்தக் குப்பத்துக்கா? அங்க இன்னா சார் வேலை?" என்றார் ஓட்டுநர்.

"முனுசாமியைப் பார்க்கணும்."

"இன்னிக்கு சீட்டுப் போடறாங்க. கோயிலாண்ட இருப்பாரு."

குப்பத்தின் பெயரை நான் எழுதவில்லை. காரணம் கடைசியில் வரும்.

9.15. ஓட்டுநர் சொன்னது சரி. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் இறால் ஏறிவரும் நல்ல இடங்கள் சிலதான். எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று ஊர் கூடிச் சீட்டெடுத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். அடுத்தவர் பாடு நாளில் வலை கட்டுவதைவிடப் பெரிய குற்றம் அங்கே கிடையாது. நாவலின் உச்சக் காட்சியே அதுதான். மகனைக் கல்லூரிக்கு அனுப்பப் பணமில்லாத தகப்பன், விடியுமுன் அடுத்தவர் பாடு நாளில் திருட்டுத்தனமாக வலை கட்டுகிறான்.

பிளாஸ்டிக் வாளியிலிருந்து சீட்டுகள் வந்தன. முனுசாமிக்குப் பதினோராவது நாள், நல்ல இடம். திருப்தியாகத் தலையசைத்துவிட்டு என்னை வீட்டுக்கு அழைத்துப் போனார். ஐம்பத்தெட்டு வயது, சதை இல்லாத உடம்பு. அவர் மனைவி இறால் தொக்கும் சோறும் வைத்தார். இலையைப் பார்த்தபடியே சம்மதம் கேட்டேன்.

"அந்தக் கதை இங்க எல்லாருக்கும் தெரியும் சார். இங்கிலீஷ் வாத்தியார் ஒருத்தர் படிச்சிட்டு வந்து சொல்லிட்டாரு."

"அது கதைதானே அண்ணே. முன்னுரையிலேயே எல்லாம் கற்பனைன்னு உங்க அண்ணன் போட்டிருக்காரு." அந்த வரியைக் காட்டினேன். அதைப் பார்த்ததும் நிம்மதி அடைவார் என்று நினைத்திருந்தேன்.

முனுசாமி கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"வாத்தியார் சொன்ன மறுவாரம் ஊர்ல சபை கூட்டி எங்க நைனாவை நிக்க வெச்சாங்க. இடம், காத்து, வலை எல்லாம் சரியா எழுதிக்கிறான், நீ செஞ்சியா, இல்ல உம் புள்ள பொய் எழுதறானானு கேட்டாங்க. நைனா தோள் துண்டை எடுத்து இடுப்புல கட்டிக்கினாரு. அப்புறம், செஞ்சேன்னாரு."

"செஞ்சாரா?"

"புக்குல வர்ற அந்தச் சமயமெல்லாம் அவருக்குக் காய்ச்சல் சார். பாயைவிட்டு எழுந்திருக்கல. நான்தான் கஞ்சி ஊத்தினேன். அண்ணன் காலேஜுக்கு அம்மா தாலிய வித்துப் பணம் கட்டுச்சு. ஆனா எம் புள்ள பொய் எழுதறான்னு அவர் வாயால சொல்ல மாட்டாரு. ஒரு வருசம் சீட்டுல எங்க பேரு இல்ல. கூலிக்கு வலை இழுத்தோம்."

இரண்டு வருடமாக அந்தக் காட்சியின் தமிழை ரசித்து ரசித்துத் திருத்தியிருந்தேன். வெட்கமாக இருந்தது.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"நைனா சொல்லக் கூடாதுன்னுட்டாரு. அவரும் செத்துப் பூட்டாரு, நானும் சொல்லல. புக்கு போடுங்க, எனக்குச் சம்மதம். அந்தக் கற்பனைன்ற வரிய மட்டும் எடுத்துடுங்க. அது இருந்தா, நைனா சபையில பொய் சொன்னாருனு ஆயிடும். அதுக்குத் திருடன்ற பேரே இருந்துட்டுப் போவட்டும்."

2.20. பேருந்துக்காகக் கடைவீதியில் நின்றோம். வழியனுப்ப முனுசாமி வந்திருந்தார். பழவேற்காட்டைப் பார்த்தவர்கள் பறவைகளைப் பற்றி எழுதுவார்கள். நான் அன்று ஒரு பறவையையும் கவனிக்கவில்லை. என் அப்பா என்னைப் பற்றி இப்படி ஒரு பொய் சொல்வாரா என்று யோசித்தேன். அவர் குமாஸ்தா, அந்த அவசியம் அவருக்கு வந்ததில்லை.

பேருந்து வந்ததும் கேட்டேன், "இதை நான் எழுதலாமா அண்ணே? ஊர் பேர் போடாம, உங்க பேரையும் மாத்தி?"

அவர் என் பையை வாங்கிப் பேருந்துக்குள் வைத்தார்.

"தமிழ்ல எழுதுங்க சார். நான் தமிழ்ல போட்ட எந்த லெட்டரையும் அண்ணன் படிச்சதில்ல. இதையும் படிக்க மாட்டான்."