மேடு ஏறாத மூச்சு

எஸ்டேட் டிஸ்பென்சரியில் காம்பவுண்டராக இருந்தவனுக்கு, இருமலைக் கேட்டே ஆள் பெயர் சொல்லத் தெரியும்; என்னோடு மருந்து மிக்சர் கலக்கிக் கை மரத்துப்போன சகாக்களே, நீங்களாவது இதை நம்புங்கள். தேயிலை விலை விழுந்து, குன்னூர்ப் பக்கத்து எங்கள் ஃபேக்டரி பாதி நாள் மூடிக் கிடந்த நேரம் அது. மலை ஏற முடியாதவர் பெயரை வேலைப் பட்டியலிலிருந்து கழித்துவிடுவார்கள் என்று எல்லாருக்கும் பயம்.

புது வாட்ச்மேன்

காட்டெருமையை விரட்டச் சின்னப்பனை வாட்ச்மேனாகப் போட்டார்கள். முதல் வாரமே, மூடுபனியில் கறுப்பாக ஏதோ அசைய, தடியோடு துரத்திப் போய் இலைக் கொட்டகைக்குள் தள்ளிப் பூட்டிவிட்டார். நிஜக் காட்டெருமை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துச் சிரித்தது. என் கண்ணால் பார்த்தேன். கதவைத் திறந்தால், கறுப்புக் கம்பளிக் கோட்டில் மேனேஜர்! சின்னப்பன் அசரவில்லை.

"பனியில நம்மாளு, வெளியாளு எல்லாம் ஒண்ணாத்தானுங்க தெரியுது."

கீழ் வரிசை

கொழுந்து பறிக்கும் மருதாயிக்குக் குளிரில் விரல் வெளுத்து, அப்புறம் நீலமாகும். மூட்டு வலி வேறு. மலையில் யாருக்குத்தான் விரல் விறைக்கவில்லை என்று எல்லாரும் விட்டுவிட்டோம். கால் வீங்கியதும்தான் அவளை எங்கள் டிஸ்பென்சரி டாக்டரம்மாவிடம் காட்டினேன்.

"மேடு ஏறினா மூச்சு வாங்குதா?"

"இல்லீங்க."

டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பைச் சுருட்டப் போனார். வாசலில் நின்ற செல்லம்மாவுக்குப் பொறுக்கவில்லை. மருதாயியோடு பறிப்பவள் அவள். முந்தின நாள் மருதாயி மயங்கி விழுந்ததைப் பார்த்தவளும் அவள்தான்.

"பொய்யில்லீங்க டாக்டரம்மா, ஆனா அவ மேடு ஏறியே ஒரு வருசமாச்சு. ரோட்டோரக் கீழ் வரிசையை அவளுக்கு விட்டுட்டு, அவ மூட்டையையும் நாங்கதானுங்க எடை போட ஏத்துறோம்."

உள்ளே ஒரு காவல்

கோயமுத்தூரில் ஸ்கேன் எடுத்துத் திரும்பியதும் டாக்டரம்மா விளக்கினார். கிருமியை அடிக்கக் காவல் நிற்க வேண்டிய நோய் எதிர்ப்பு சக்தி, மருதாயியின் சொந்த உடம்பையே அடிக்கிறதாம். நுரையீரலின் ரத்தக் குழாய்கள் தடித்துக் குறுகிவிட்டன. உள்ளே அழுத்தம் ஏறி, ரத்தத்தைத் தள்ள முடியாமல் இதயம் திணறுகிறது. குழாயை விரிக்க ஒரு மாத்திரை, அந்தக் காவலை அடக்க ஒரு மாத்திரை. அடியோடு தீராது, விடாமல் சாப்பிட்டால் தாக்குப்பிடிக்கலாம். மருதாயி வாய் பொத்திக் கேட்டுவிட்டு, ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்ப எனக்குள்ள ஒரு சின்னப்பன் இருக்கானுங்களா?"

சின்னப்பனின் வக்காலத்து

மேனேஜர் அவள் பெயரைக் கழிக்கத்தான் இருந்தார். செல்லம்மாவின் வரிசை மொத்தமும் கூடையோடு ஆபீஸ் வாசலில் வந்து நின்றது. ஒருத்தியும் நகரவில்லை. கடைசியில், ஃபேக்டரியில் உட்கார்ந்து தேயிலைத் தூளில் காம்பு பொறுக்கும் வேலை அவளுக்குக் கிடைத்தது.

தன் பெயர் ஒரு வியாதிக்கு வந்துவிட்டதே என்று சின்னப்பனுக்கு மனத்தாங்கல். இருந்தாலும் கோயமுத்தூர் போய் அவள் மாத்திரையை வாங்கி வருவது அவர்தான். பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டுக் கெஞ்சினார்.

"மாத்திரையைப் போடுங்கக்கா, ஆனா உள்ள இருக்கறவனைத் திட்டாதீங்க. பாவம், அவனுக்கும் பனியில கண்ணு தெரியலீங்க."

நான் கலக்கிக் கொடுத்த எந்த மிக்சரும் அந்தக் கீழ் வரிசை அளவுக்கு ஒருத்தியைத் தாங்கியதில்லை, அவள் நோயை அத்தனை கெட்டிக்காரத்தனமாக மறைத்ததும் இல்லை.