தொமோயேயின் நெறிகட்டு

“வாங்குறதுன்னா வாங்கு. மோந்து பாத்தே வயித்த ரொப்பிக்கிட்டுப் போறதுக்கு இது என்ன ஊதுவத்தியா?” என்று அன்றைய முதல் வாடிக்கையாளரை வரவேற்றுக்கொண்டிருக்கிறாள் தொமோயே.

ஹகாத்தா மீன் சந்தையில் அவள் விற்பது மிளகாயில் ஊறிய மீன்சினை. அதைவிடக் காரமான சரக்கு அவள் வாயில் இருக்கிறது, அது இலவசம். வயது இருபத்தெட்டு. திட்டு வாங்காதவர்களுக்கு எடை சரியாக இருக்கும். திட்டு வாங்கியவர்களின் பொட்டலத்தில் ஒரு சினை கூடுதலாக விழும். விவரம் தெரிந்தவர்கள் வேண்டுமென்றே விலையில் வம்பு செய்வார்கள்.

எதிர்க்கடை யசுயே அக்காவுடன் அவளுக்கு நதிநீர்ப் பிரச்சினை. அவள் கடையில் கணவாய் மீன் கழுவிய தண்ணீர் இந்தப் பக்கம் ஓடிவரும். இங்கிருந்து வசவு அந்தப் பக்கம் ஓடும். இரண்டும் வற்றிச் சந்தை கண்டதில்லை.

இந்தப் பனிக்காலத்தில் தொமோயேவுக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தது. இடக் காதுக்குக் கீழே நெறிகட்டியது. பெரிய மருத்துவமனையில் அறுவைப் பிரிவுத் தலைவர் குரோஇவா அதை அழுத்திப் பார்த்தார். “கையை எடுங்க, உயிர் போகுது” என்று கத்தினாள். புற்றுக் கட்டி பெரும்பாலும் தொட்டால் வலிக்காது, இது வலித்தது. தலைவரோ அந்தக் கத்தலை நோயின் குறியாகக் கொள்ளாமல் சந்தைக்காரியின் குணமாகக் கொண்டார். வீங்கிய நிணநீர்க் கணு ஒன்றை முழுதாக வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார். முடிவுக்குக் காத்திருப்பதெல்லாம் சிறியவர்களின் வேலை. அவர் விரலாலேயே கண்டுவிட்டார்: நிணநீர்ப் புற்று.

இங்கே புற்றுநோயை ஊருக்கெல்லாம் சொல்லலாம், நோயாளிக்குத்தான் சொல்லக்கூடாது. மனம் உடைந்துவிடுமாம். ஆகவே அப்பா கிசாபுரோவைத் தனியே அழைத்துச் சொன்னார்கள். அவர் குனிந்து நன்றி கூறினார், கழிப்பறைக்குள் போய் அழுதார், முகம் கழுவிக்கொண்டு மகளிடம் வந்தார்.

“ஒண்ணுமில்லம்மா. ஒடம்புல சத்து கம்மியாம். திங்கக்கெழமையிலேருந்து சத்து மருந்து ஏத்துவாங்களாம்.”

முடியைக் கொட்டவைத்து, ரத்த அணுக்களைக் கொன்று, பிள்ளை பெறும் வாய்ப்பையும் பறிக்கக்கூடிய சத்து அது.

ரகசியத்தை அவர் ஒரே ஒருவரிடம்தான் சொன்னார். அந்த ஒருவர் யசுயே. மதியத்துக்குள் சந்தைக்கே தெரிந்துவிட்டது, தொமோயே ஒருத்தியைத் தவிர.

மறுநாள் யாரும் விலை பேசவில்லை. கேட்ட விலையைக் கொடுத்து, வணங்கி, வாங்கிப்போனார்கள். அவள் பொறுத்துப் பார்த்தாள். யசுயே துடைப்பத்தோடு வந்து, “தண்ணிய அந்தப் பக்கமாத் திருப்பிட்டேன் தொமோயே. நீ ஒடம்பப் பாத்துக்க” என்றதும் கத்தியைக் கீழே வைத்தாள்.

“ஏக்கா, நான் சாகப்போறேனா?”

“என்ன பேச்சு இது. முன்னவிட நல்லாக் களையாத்தான் இருக்க.”

“பொய் சொன்னாலும் திட்டிச் சொல்லுக்கா. இந்த வாய் உன்னுது இல்ல.”

யசுயே இடுப்பில் கட்டியிருந்த துணியில் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தொமோயேவுக்கு அதற்குமேல் சோதனை எதுவும் தேவைப்படவில்லை.

ரப்பர் பூட்ஸும் செதில் ஒட்டிய கைகளுமாக அவள் மருத்துவமனைக்குள் நடந்தாள். பின்னால் அப்பா, வழியில் கண்ட ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டபடி. தலைவரின் அறைக் கதவு திறந்த வேகத்தில் சுவரில் மோதியது.

“எனக்கு என்ன நோய்?”

தலைவர் அப்பாவைப் பார்த்தார். “மகளை அமைதியா இருக்கச் சொல்லுங்க.”

“இத்தனை வருஷமா அவரு சொல்லிப் பாக்காததா? என்னைப் பாத்துப் பேசுங்க.”

அப்பாதான் உடைந்தார். “புத்தும்மா” என்றார் தரையைப் பார்த்து.

சத்தம் மாடிப்படி வழியாக இறங்கிக் கீழ்த்தளம்வரை போயிருக்க வேண்டும். அங்கே நுண்ணோக்கியுடன் குடித்தனம் நடத்தும் திசுச் சோதனை மருத்துவர் நாத்தோரி, தேநீர்க் கோப்பையும் கையுமாக மேலேறி வந்து அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

“புத்தா? யாரு சொன்னது? செவ்வாக்கெழமையே ஒங்க உதவியாளர்கிட்ட சொன்னேனே. கணுவுக்குள்ள செத்த செல்லுங்க குப்பையாக் கெடக்கு, அத அள்ளித் தின்ன வேற செல்லுங்க கூடி நிக்குது. சீழும் இல்ல, புத்தும் இல்ல. கிக்குச்சி நோய். சில மாசத்துல தானா அடங்கிடும். காய்ச்சலுக்கும் வலிக்கும் மாத்திரை போதும். அப்புறம் அப்பப்ப வந்து காட்டணும், அவ்வளவுதான்.”

தலைவருக்குப் பின்னால் நின்ற உதவியாளர் தன் காலணிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்தப் பிரிவில் தலைவர் சொன்னது தவறு என்று சொல்ல, தலைவர் நல்ல மனநிலையில் இருக்கவேண்டும். உதவியாளர் அந்த நன்னாளுக்காகச் செவ்வாய் முதல் பணிவோடு காத்திருந்தார். அதற்கு முன்னால் திங்கட்கிழமை வந்திருக்கும்.

“யாரு அந்த கிக்குச்சி?” என்றாள் தொமோயே.

“மொதல்ல கண்டு எழுதின டாக்டர்.”

“அவராவது வெட்டி உள்ள பாத்துட்டு எழுதியிருக்காரு.” அவள் குரல் முதல்முறையாகத் தணிந்தது, அப்பா அதற்குத்தான் அதிகம் பயந்தார். “என் கழுத்து. என் காய்ச்சல். சந்தைப் பூனைக்குக்கூடச் சொல்லியிருக்கீங்க. எங்கிட்டச் சொல்லத்தான் ஒங்களுக்கு வாய் வரல.”

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். நாற்காலியை அப்பாவின் பக்கம் நகர்த்தி, “அதாவது, உங்க மகளுக்கு...” என்று தொடங்கினார். அப்பா நன்றி சொல்ல ஏற்கெனவே பாதி குனிந்திருந்தார்.

தொமோயே குறுக்கே வந்தாள். நாற்காலியின் இரு கைப்பிடிகளையும் மிளகாய்ச் சிவப்பேறிய விரல்களால் பற்றி, சக்கரங்கள் கிறீச்சிட, தலைவரோடு சேர்த்து அதைத் தன் பக்கம் திருப்பி நிறுத்தினாள்.