முள்ளைப் பார்க்காத முன்ஸிப்

கார் ஹாலிஎல ரோட்டில் ஏறியதும் முன்ஸிப் நானா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். காரின் வேக மீட்டரைத் திருத்தியவர் அவர்தான். ஆனால் ஓட்டிப் பார்க்கும்போது முள்ளை அவர் பார்க்கவே மாட்டார். "எத்தன காட்டுது?" என்று கார்க்காரரிடம்தான் கேட்பார். ஏன் இப்படி என்று விசாரித்தால், "செஞ்சவன்ட கண்ணுக்கு நல்லதுதான் தெரியும், ஐயா. ஒங்கட கண்ணு கொற புடிக்கும். எனக்கு அதுதான் வேணும்" என்பார்.

பதுளையில் அவருடைய பட்டறை ஒரு கார் நிற்கிற அகலம்தான். என்ஜினுக்குக் கீழே படுக்க மாட்டார், டயர் கழற்ற மாட்டார். வேகம் காட்டும் மீட்டர் மட்டும்தான் வேலை. பழைய ஒஸ்டின், மொரிஸ் வைத்திருப்பவர்கள் மொனராகலையிலிருந்தும் தேடி வருகிறார்கள். மீட்டரைச் சுழற்றும் கம்பியை வெளியே உருவி, இரண்டு விரல்களுக்கு நடுவே உருட்டிக்கொண்டே ஊர்க்கதை பேசுவார். கம்பி எங்கேயாவது துள்ளினால் கதையும் அங்கேயே நின்றுவிடும். வாசலில் அவரே எழுதிய பலகை தொங்கும்: 'மீட்டர் வேலை. செய்தால் திரும்பி வராது.'

என் மொரிஸ் மைனர் திரும்பி வந்தது. அதுவும் இரண்டு முறை.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, வெலிமடைச் சந்தையில் கிழங்கு மூட்டை சுமந்து, பிறகு நாலு லொறிக்கு முதலாளி ஆனவன் நான். இந்தக் காரையும் யாரிடமும் கைநீட்டாமல் வாங்கினேன். அதன் உடம்பில் ஒரு கீறல் கிடையாது. அப்படிப்பட்ட காரில் முள் தவளை மாதிரி இருபதுக்கும் நாற்பதுக்கும் துள்ளினால் எனக்குப் பொறுக்குமா?

நானாவிடம் ஒரு வழக்கம் உண்டு. காரில் சாமி படம் இருந்தால் வேலைக்கு முன் அதைக் கார்க்காரரே கழற்றி எடுத்துக்கொள்ள வேண்டும். "ஒங்கட சாமிய என்ட எண்ணெக் கையால தொடப்படாது" என்பார். என் காரில் மீட்டருக்கு நேர் மேலே கதிர்காமத்து முருகன் இருக்கிறார். இரண்டு தடவையும் கழற்றித் துணியில் சுற்றி வைத்தேன். இரண்டு தடவையும் ஹாலிஎல வரை ஓட்டினோம், முள் ஒழுங்காக நின்றது. வீட்டுக்குப் போய் முருகனைத் திரும்ப மாட்டிப் பூட்டிய மறுநாளே துள்ளியது. ரோட்டுக் குழிதான் காரணம் என்று நாங்கள் இருவருமே நினைத்தோம்.

மூன்றாவது முறை காரைக் கண்டதும் நானா கைவேலையைக் கீழே வைத்தார். எழுந்து போய்ப் பலகையைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டினார். பக்கத்து டயர் கடை றஹீமுக்கு அது போதுமாக இருந்தது.

"என்ன நானா, இனி 'கட்டாயம் திரும்பி வரும்' எண்டு எழுதப் போறீங்களா?"

நானாவுக்குக் காது சிவந்தது. "இந்தத் தடவையும் ஆடினா நீங்க கொழும்புக்குக் கொண்டு போங்க, ஐயா. பலகைய நான் அடுப்புல வெக்கிறேன்."

அன்று சேலை எடுப்பதற்காக என் மனைவி பெரியாயியும் கூட வந்திருந்தாள். மீட்டர் வேலை முடிந்ததும், சாமி இல்லாத காரில் ஏற மாட்டேன் என்று நின்றுவிட்டாள்.

"சாமியத் துணில சுருட்டி வச்சுக்கிட்டு நீங்க வளைவுல எறங்குவீங்க. எனக்கு அந்த நெஞ்சழுத்தம் இல்லீங்க."

அங்கேயே முருகனைப் பூட்டினேன். கார் நாலு கடை தாண்டவில்லை.

"எத்தன?" என்றார் நானா, ஜன்னலைப் பார்த்தபடி.

"இருபது… நாப்பது… இருபது."

"நிப்பாட்டுங்க."

டேஷ்போட்டுக்கு அடியில் கையை விட்டுக் கம்பி வழியே தடவிக்கொண்டு போனார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"சாமிக்கு என்ன ஸ்குரூ போட்டீங்க, ஐயா?"

"ரெண்டு இஞ்சு நீளம்" என்றேன். எதை வாங்கினாலும் பெரிதாகத்தான் வாங்குவேன். சின்னது தோட்டத்து ரோட்டில் கழன்று விழுந்துவிடும்.

"அது உள்ளுக்கு வந்து கம்பிட கழுத்த நெரிக்குது. ஒவ்வொரு தடவையும் நானே அதக் கழட்டச் சொல்லிட்டு, நோய வேற எடத்துல தேடியிருக்கேன்!"

"அப்ப முருகன் மேல குத்தமில்லயே?" என்றாள் பெரியாயி பின்னாலிருந்து.

"அவர்ல ஒரு குத்தமும் இல்ல, அம்மா. மொதலாளிட ஸ்குரூதான் மொதலாளி மாதிரி."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நல்ல உறுதியான ஸ்குரூ அது, இப்போதும் சொல்வேன்.

பட்டறைக்குத் திரும்பி நான் கழற்றிக் கொடுத்த ஸ்குரூவைப் பாதியாக அறுத்து, முனையை அரத்தால் தேய்த்து, என் உள்ளங்கையில் வைத்தார். நான் முருகனைப் பூட்டும்வரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மறுபடி ஹாலிஎல ரோடு.

"எத்தன?"

"முப்பது."

"இப்ப?"

"முப்பதுதான்."

"கொற பாருங்க, ஐயா. நல்லாப் பாருங்க."

"நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் நானா, அப்படியே நிக்குது" என்றாள் பெரியாயி.

அப்போதும் அவர் திரும்பவில்லை. பட்டறை வாசலில் இறங்கி நேரே பலகையிடம் போனார். எழுத்து வெளியே தெரியத் திருப்பி மாட்டினார், சட்டைக் கையால் தூசியைத் துடைத்தார். பிறகு இரண்டடி பின்னால் வந்து, தலையைச் சாய்த்து, அது நேராக நிற்கிறதா என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.