பக்கல்யாவை எத்தனை நாள் ஊறவைப்பது?

போர்த்துக்கல் சாப்பாட்டைப் பற்றித் தமிழில் தேடினால் உருப்படியாக ஒன்றும் அகப்படுவதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். லிஸ்பனுக்கு டிக்கெட் போட்டுவிட்டு, அங்கே போய் எதைச் சாப்பிடுவது என்று முழிப்பவர்கள் துபாயிலேயே ஒரு சனிக்கிழமை ஒத்திகை பார்த்துக்கொள்ளலாம். நான் போனது பெப்ரவரியில். மதியத்திலும் வெளியே நடக்கக்கூடிய காலம்.

என் காரணம் வேறு. என் மனுசன் குகன் இரண்டு வருடமாகப் போர்த்துக்கலில் இருக்கிறார். கடற்கரைப் பக்கம் ஒரு உணவகத்தில் சமையல் வேலை என்று சொல்லியிருந்தார். வதிவிடப் பேப்பர் கைக்கு வந்த மாதிரித்தான், வேலையை விட்டுவிட்டு யாழ்ப்பாணம் போய் இரும், அங்கிருந்து கூப்பிடுகிறேன் என்று பொங்கலன்று போனில் சொன்னார். என் கம்பனி விசா மார்ச்சில் முடிகிறது. புதுப்பிப்பதா விடுவதா என்று மேனேஜருக்குத் திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். விட்டால் வேலை, கராமா அறையில் என் கட்டில், எல்லாம் கலாஸ். இந்த வயதில் இன்னொரு கம்பனி என்னைக் கூப்பிடப்போவதில்லை. ஆனாலும் விடுவதென்றுதான் முடிவெடுத்திருந்தேன். போய் இறங்கிய அன்றே அந்த ஊர்ச் சாப்பாட்டைப் பார்த்து முகம் சுளிக்கக்கூடாதே என்று நாக்கைப் பழக்கக் கிளம்பினேன். பைத்தியக்காரி.

கூட வந்தவள் மெர்சி. நாகர்கோவில்காரி, நர்ஸ், என் அறையில் மேல்கட்டில். "ஏ மக்கா, மீனு திங்கதுக்கு மெரினா வரைக்கும் போணுமா? கீழ எறங்குனா மீன் சாப்பாடு இருக்கு, வயிறு நெறைய" என்று புறப்படும்போதே தொடங்கிவிட்டாள். கராமாவிலிருந்து துபாய் மெரினாவுக்கு மெட்ரோ சிவப்புத் தடம், ஏழரை திர்ஹம், ஏறக்குறைய நாற்பது நிமிடம். பெண்கள் பெட்டியில் ஏறினால் சனிக்கிழமையிலும் இடம் கிடைக்கும். நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை.

முதலில் பேக்கரியில் நாட்டா. உள்ளங்கை அளவு பணியாரம். ஓரம் அப்பளம்போல நொறுங்கும், நடுவில் முட்டையும் பாலும் சேர்ந்த கஸ்டர்ட். மேலே கறுப்புக் கறுப்பாகத் தீய்ந்திருக்கும். தீய்ந்துவிட்டது என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், அதுதான் பதம். சூடாக வாங்கி, கறுவாப்பட்டைத் தூள் தூவி, சின்னக் கோப்பைக் கடுங்கோப்பியோடு சாப்பிட வேண்டும். ஒன்று பன்னிரண்டு திர்ஹம். குகன் போனில் சொன்னது அப்படியே சரியாக இருந்தது, கறுவா வாசம் வரைக்கும். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா, எங்கட ஆள் சொன்னதுதான்" என்று மெர்சியிடம் இரண்டு தரம் சொன்னேன். அந்த ஊரில் பெட்டிக்கடையிலும் நாட்டா விற்கும் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அங்கிருந்து உணவகம். ஹோட்டலுக்குள் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள், அங்கேதான் வைன் கிடைக்கும். உட்கார்ந்ததும் கேட்காமலே பாணும் ஒலிவும் வெண்ணெயும் மேசைக்கு வரும். ஓசி என்று நினைத்துக் கை வைத்தால் பில்லில் வந்து நிற்கும். வேண்டாம் என்றால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், யாரும் கோபிக்கமாட்டார்கள். கால்டோ வெர்டே என்பது உருளைக்கிழங்கை மசித்து, கீரையை நூலாக அரிந்து போட்ட சூப். மேலே மிதக்கும் சொசேஜ் பன்றியா மாடா என்று முதலிலேயே கேளுங்கள். வின்யோ வெர்டே, பச்சை வைன் என்று பெயர், நிறம் பச்சையில்லை. இளம் புளிப்பு, மெல்லிய நுரை, மீனுக்கு நல்ல சோடி. போர்ட் வைன் கடைசியில், இனிப்போடு. மெர்சி ஒரு வாய் குடித்துவிட்டு, "இது எங்க மாதா கோயில்ல குடுக்க வைனு மாதிரில்லா இருக்கு" என்றாள்.

பிறகுதான் பக்கல்யாவ் வந்தது. உப்புப் போட்டுக் காயவைத்த கொட் மீன். கூச்சம் இல்லாமல் சொன்னால், கருவாடு. எங்கள் கட்டடத்தில் கருவாடு பொரித்தால் வாட்ச்மேன் கதவைத் தட்டுவான், மூன்றாம் தரம் தட்டினால் அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். இங்கே அதையே வெள்ளைத் தட்டில் ஒலிவ் எண்ணெய் ஊற்றி, உள்ளிப்பூண்டு போட்டு, நூற்றுப் பதினெட்டு திர்ஹமுக்கு வைக்கிறார்கள். வயிற்றெரிச்சலோடுதான் வாயில் வைத்தேன். ஆனால் மீன் இதழ் இதழாகப் பிரிந்தது. உப்பு அளவோடு இருந்தது. நல்ல சாப்பாடு, பொய் சொல்லக்கூடாது.

நாங்கள் தமிழில் கதைத்ததைக் கேட்ட பரிமாறுபவர், உள்ளே குசினியில் சமைக்கிற எங்கள் ஆள் ஒருவர் இருக்கிறார் என்று கூப்பிட்டுவந்தார். நிர்மலா, பண்டாரவளைப் பிள்ளை. முப்பது வயதிருக்கும், வாய் ஓயாது.

"நல்லா இருந்துச்சாக்கா? இந்த மீன் முழுக்க என் பொறுப்பு. நான் லீவு போட்டா செஃபுக்குக் கை ஓடாது."

நான் சும்மா இருந்திருக்கலாம். "என்ரை மனுசனும் போர்த்துக்கல்லை இதுதான் சமைக்கிறவர்" என்றேன்.

"அட, அப்படியா! எத்தனை நாள் ஊறப்போடுறாங்களாம்? நாங்க ரெண்டு நாள் வைப்போம். ஃபிரிட்ஜில வச்சு தண்ணி மாத்திக்கிட்டே இருக்கணும். தடிப்பான துண்டுன்னா மூணு நாள்."

"ஊறப்போடுறேல்லையாம். சுடுதண்ணியிலை ரெண்டு தரம் அலசிப்போட்டு அடுப்பிலை வைக்கிறதாம்."

நிர்மலா வாய்விட்டுச் சிரித்தாள். "அது கருவாட்டுக்கு, அக்கா! இதை அப்படிச் செஞ்சா உப்பு வாயில வைக்க ஏலாதே. வந்தவங்க தட்டைத் தூக்கி எறிஞ்சிருவாங்க." சொல்லிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. "இல்ல... அங்க உப்புக் குறைச்சலா ஏதாச்சும் மீன் இருக்கும்போல. ஒவ்வொரு கடையும் ஒவ்வொரு மாதிரிதானே" என்று அவசரமாக மழுப்பிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் மழுப்பாமல் போயிருந்தால் எனக்குச் சந்தேகம் மட்டும்தான் வந்திருக்கும். மழுப்பியதில் உறுதியாகிவிட்டது. மெர்சி பில்லைக் கேட்டாள்.

வெளியே வந்து, படகுகள் கட்டியிருந்த பக்கம் நின்று போன் எடுத்தேன். அங்கே நம்மைவிட நான்கு மணி நேரம் பிந்தி, காலை நேரம். வீடியோவை வழக்கம்போல அவர் எடுக்கவில்லை. சாதாரணப் போன் கோலைத்தான் எடுத்தார்.

"என்னப்பா, வேலையோ?"

"ஓம், இப்பதான் குசினிக்குள்ளை வந்தனான். ஏன்?" பின்னால் பிளாஸ்டிக் தாள் காற்றில் படபடக்கும் சத்தம். முன்பும் கேட்டிருக்கிறேன். கடல்காற்று என்று சொல்லுவார்.

"பக்கல்யாவை எத்தினை நாள் ஊறப்போடுறனீங்கள்?"

"ஊறப்போடுறதோ? சொன்னனான்தானே, சுடுதண்ணியிலை..." நிறுத்தினார். பிறகு மெதுவாக, "ஆர் சொன்னது உமக்கு?" என்றார்.

"உண்மையைச் சொல்லுங்கோ."

சொன்னார். ஏஜென்சிக்காரர் உணவகம் என்று சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனார்களாம், போய் இறங்கியதும் பண்ணைக்கு ஏற்றிவிட்டார்களாம். பிளாஸ்டிக் கூடாரங்களுக்குள் ராஸ்பெரி பிடுங்குகிற வேலை. பத்துப்பேர் சேர்ந்து ஒரு தகரப் பெட்டி வீட்டில் இருக்கிறார்கள். லிஸ்பனைப் பார்த்ததே இரண்டு தரம்தான், பேப்பருக்காக வரிசையில் நிற்க.

"பேப்பர்?"

"வருமெண்டுதான் சொல்லுறாங்கள்."

"அப்ப என்னை ஏன் வேலையை விடச் சொன்னனீங்கள்?"

"நீர் ஒவ்வொரு நாளும் எப்ப எப்ப எண்டு கேட்டுக்கொண்டிருந்தால் நான் என்ன சொல்லுறது?"

என் தலையிலேயே தூக்கிப் போட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைத் தண்ணீருக்குள் எறிந்திருப்பேன், மெர்சி கையைப் பிடித்துக்கொண்டாள். பழம் பிடுங்குவது ஒரு கேவலமா? நானும் இங்கே மற்றவர் கம்பனிக்குக் கணக்கெழுதித்தான் சீவிக்கிறேன். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் இருந்த ஒரே பிடியையும் விட்டிருப்பேன். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிப்பேன் என்று இங்கே எழுதி நல்லவளாகவும் விருப்பமில்லை.

திங்கட்கிழமை மேனேஜரிடம் விசாவைப் புதுப்பிக்கச் சொல்லிவிட்டேன். இன்னும் இரண்டு வருடம் இதே கராமா, இதே கீழ்க்கட்டில்.

போக விரும்புகிறவர்களுக்கு: நாட்டாவை வயிறு காலியாக இருக்கும்போது சாப்பிடுங்கள். உணவகத்துக்கு மதியம் போனால் கூட்டம் குறைவு. இரண்டு பேருக்கு ஒரு பக்கல்யாவ் தாராளம். வீட்டில் சமைப்பதென்றால் இரண்டு நாள் குளிர்ந்த தண்ணீரில், மாற்றி மாற்றி ஊறவையுங்கள், சுடுதண்ணீர் ஆகாது. அந்த ஊரில் சமையல் வேலை என்று யாராவது உங்களைக் கூப்பிட்டால், கிளம்பும் முன் அந்தக் குசினியை வீடியோவில் காட்டச் சொல்லுங்கள்.

அன்று போனை வைக்கும் முன் குகன் கடைசியாக ஒன்று கேட்டார். "நான் வந்து இன்னும் ஒருக்காக்கூட அந்த மீனைச் சாப்பிட்டுப் பாக்கேல்லை. எப்பிடி இருந்தது?"

நல்லாயிருந்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உப்பு என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.