நாலு புள்ளி இரண்டு

கட்டடம் வரையும் அந்த அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் ‘இன்னுங்கொஞ்சம் அக்கா’. கட்டப்போகும் வீடு எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் படமாக்கிக் காட்டுவது அவள் வேலை. ஜன்னலில் விழும் வெயில் இன்னும் கொஞ்சம் என்பாள், படிக்கட்டு நிழல் இன்னும் கொஞ்சம் என்பாள். டைப் அடிக்க வந்தவள் இதைத் தானாகவே கற்றுக்கொண்டு பத்தொன்பது வருடம் ஆகிறது. உனக்கு வராது என்று யாராவது சொன்னால் போதும், அதை முடித்துக் காட்டாமல் அவளுக்குச் சோறு இறங்காது.

ஒரு திங்கட்கிழமை மேனேஜர் அவளைக் கூப்பிட்டார்.

“உங்க மெஷினுக்கு ஒன்பது வயசாச்சும்மா. ஒரு படத்துக்கு மூணு மணி நேரம் எடுத்துக்குது. ஒன்பதரைக்கு ஆரம்பிச்சாலும் பன்னெண்டு மணிக்குப் பார்ட்டி வந்து உக்காரும்போது கையில படம் இல்ல. வெள்ளிக்கிழமை அதைத் தூக்கிடுறோம். படமெல்லாம் இனிமே வெளியில குடுத்து வாங்கிக்கலாம். நீங்க முன்னாடி உக்காந்து போன் எடுங்க. நிம்மதியா இருக்கும்.”

நிம்மதியாம்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“வெள்ளிக்கிழமை பன்னெண்டுக்குள்ள படம் வந்துட்டா?”

“வந்துட்டா மெஷினும் இருக்கட்டும், நீங்களும் இருங்க,” என்று சிரித்தார். எங்கே வரப்போகிறது என்ற தைரியம் அவருக்கு.

அந்த மெஷினின் பிராசஸர் மூன்று புள்ளி நான்கு கிகாஹெர்ட்ஸ் வேகம். கம்பெனி குறித்துக் கொடுத்த வேகம் அது. அந்த ரகத்தில் அதற்கு மேலும் கூட்டலாம் என்பது அவளுக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரே தாவாகக் கூட்டி, மதர்போர்டிலிருந்து புகை வரவைத்தவள்தானே! “சமையலை இதுலயும் ஆரம்பிச்சாச்சா?” என்று புருஷன் ஆறு மாதம் கிண்டல் செய்தார். பதறாத காரியம் சிதறாது என்பது அந்தப் புகையில்தான் அவளுக்குப் புரிந்தது.

இந்த முறை அவசரப்படவில்லை. வீட்டில் சும்மா கிடந்த பெரிய குளிர்விப்பு விசிறியைக் கொண்டுவந்தாள். மதிய இடைவேளையில் பக்கப் பலகையைக் கழற்றித் தூசியை ஊதினாள், பிராசஸர் மேல் சூட்டைக் கடத்துவதற்காகத் தடவியிருந்த காய்ந்த பசையைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பட்டாணி அளவு வைத்தாள். மெஷினை முடுக்கியதும் உள்ளமைப்பை மாற்ற வரும் பயாஸ் திரையில், மூன்று புள்ளி நான்கைக் குறிக்கும் முப்பத்துநாலு என்ற எண்ணை முப்பத்தாறாக்கி, நன்றாக வேலை வாங்கிச் சூடு பார்த்தாள். மறுநாள் முப்பத்தெட்டு, நாற்பது. வியாழக்கிழமை நாற்பத்திரண்டு. நாற்பத்துமூன்றில் திரை நீலமாகி உறைந்துபோனது. ‘இன்னும் கொஞ்சம்’ என்று வாய்வரை வந்ததை வாழ்க்கையில் முதல்முறையாக விழுங்கிவிட்டு, நாற்பத்திரண்டுக்கே இறங்கினாள்.

வெள்ளிக்கிழமை ஒன்பதே காலுக்கே சர்வீஸ்காரர் தள்ளுவண்டியோடு வந்துவிட்டார். மேனேஜர் பின்னால் நின்றார். வேகத்தைக் கூட்டியிருப்பதாக அவள் சொன்னதும் சர்வீஸ்காரர் கம்ப்யூட்டரின் விவரப் பக்கத்தைத் திறந்தார்.

“மூணு புள்ளி நாலு. அதேதான் சார் இருக்கு.”

“அது பொறந்தப்ப வச்ச பேரு. ஓடுற வேகத்தைப் பாருங்க.”

அவர் அதையும் திறந்தார். பூஜ்யம் புள்ளி எட்டு. விழுந்து விழுந்து சிரித்தார். “சார், கூட்டுறேன்னு குறைச்சு வச்சிருக்காங்க!”

“கழட்டுங்க,” என்றார் மேனேஜர்.

சர்வீஸ்காரர் குனிந்தபோது பிளக்கை மறைத்துக்கொண்டு அவள் கால் நின்றது.

“கையை வச்சுத்தான் பாருங்களேன். வேலை இல்லாதப்போ அது அடங்கித்தான் கிடக்கும். வேலை குடுத்துட்டுப் பாருங்க.”

ஒன்பதரைக்குப் படத்தை ஓடவிட்டாள். புள்ளி எட்டு மறைந்து நாலு புள்ளி இரண்டு வந்தது. வந்தது அப்படியே நின்றது. சர்வீஸ்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பதினொன்றரைக்கு ஜன்னல் வழியே வெயில் மெஷின்மேல் விழுந்தது. எழுபத்தாறு டிகிரியிலிருந்த சூடு எண்பத்தெட்டுக்கு ஏறியது. இன்னும் ஏறினால் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், படம் பன்னிரண்டைத் தாண்டிவிடும். அவள் நேராக மேனேஜர் அறைக்குப் போனாள். அவர் முகத்துக்கு எதிரே சுழன்றுகொண்டிருந்த மேசை விசிறியைப் பிடுங்கி வந்து மெஷினுக்கு வைத்தாள். கேட்கவும் இல்லை, மன்னிப்பும் சொல்லவில்லை. சூடு இறங்கியது.

பதினொன்று ஐம்பத்தேழுக்குப் படம் முடிந்தது. வேர்த்துக்கொண்டே வந்த மேனேஜர் அதை ரொம்ப நேரம் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த வயசுல எதுக்கும்மா இவ்வளவு பாடு? முன்னாடி உக்காந்தா நிம்மதியா…”

“அங்க உக்கார வச்சா நானும் புள்ளி எட்டுதான் சார்.”

சர்வீஸ்காரர் காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். முன்னறையில் போன் அடித்தது. விடாமல் அடித்தது. அவள் அடுத்த வரைபடத்தைத் திறந்தாள். கடைசியில் மேனேஜரே போய் எடுத்தார்.