எருமைகள் படுத்த குளம்

என் கையெழுத்து கோழிக் கிறுக்கல், பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று எங்கள் ஊர் மண்டபத்தில் கல்யாணம். கார் நிறுத்தும் இடத்தில் மழைத்தண்ணீர் கட்டி, பழைய சேற்று வாடை எழும்பியது. "என்னடே, எருமை நாத்தம்?" என்று ஒருவர் மூக்கைப் பொத்தினார்.

அந்த இடம்தான் முன்பு எங்கள் குளம். அறுத்த வயலில் மேய்ந்த ஊர் எருமைகள் எல்லாம் உச்சிவெயிலில் தாமாக வந்து இறங்கி, மூக்கும் காதும் மட்டும் வெளியே தெரிய, காதால் ஈயை விரட்டிக்கொண்டு, பெருமூச்சு விட்டபடி சாயங்காலம்வரை கிடக்கும். மண்டபம் கட்டுவதற்காகச் செம்மண் கொட்டி நிரப்பிய மறுநாளும் அதே நேரத்துக்கு வந்து, காய்ந்த மண்ணில் படுத்துக்கொண்டன. அப்பா அடித்தும் எழவில்லை.

"ஓய், எருமைக்கு ஒரு ஃபேன் வாங்கி மாட்டும்!" என்று மண் கொட்ட வந்த லாரிக்காரன் சிரித்தான்.

அப்பா கம்பைக் கீழே போட்டார். "அதுகளுக்கு யாரு மக்கா சொல்லுவா?" என்று என்னிடம் கேட்டார்.

வெயில் தாங்காமல் பால் வற்றியது. கோடை முடிவதற்குள் எங்கள் தெரு எருமைகள் எல்லாம் கேரளத்துக்கு அறுப்புக்கு லாரி ஏறின. இப்போது பால் பாக்கெட்டில் வருகிறது.

நேற்றுப் பந்தியில் மூக்கைப் பொத்தியவருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன். பாயசம்வரை இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

ஐப்பசி பன்னிரண்டு, இன்றும் மழை.